ஆட்டோவில் ஏறும் ட்ரம் செட்

22 அங்குல பேஸ் ட்ரம்மோடு வரும் முழு ட்ரம் செட் ஓர் ஆட்டோவில் ஏறாது. பேஸ் ட்ரம்மையும் ஸ்டாண்டுகளையும் பின்சீட்டில் அடுக்கிவிட்டால் வாசிக்கிறவருக்கு இடமில்லை. அவர் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். வேன் பிடிக்கலாம். ஆனால் மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம் வரை போய், நடுச்சாமம் வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டால், ட்ரம்மர் கையில் கிடைத்ததில் பெரும்பங்கு வேன்காரருக்குப் போய்விடும். சின்ன நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கிறவர்கள் சின்ன செட்டைத் தேடி அலைவது இதனால்தான்.

இந்த மாவட்டத்தில் சின்ன நிகழ்ச்சி மூன்று விதமாக வரும். டவுனிலோ உக்குவளையிலோ ஒரு மண்டபத்தில் கல்யாணம், சடங்கு, பிறந்தநாள். தரை டைல்ஸ், கூரை தகரம், எதைத் தட்டினாலும் இரண்டு மடங்காகக் கேட்கும். அடுத்தது தோட்டத்துக் கோயில் திருவிழா ராத்திரி. மேலே தார்ப்பாய், நாலு பக்கமும் வெட்டவெளி. வண்டி நிற்கும் இடத்திலிருந்து லயத்துப் படிகளில் எல்லாவற்றையும் தோளில் வைத்து ஏற வேண்டும். மூன்றாவது தம்புள்ளை, சீகிரியா, கந்தலமப் பக்கத்து ஹோட்டல்கள். வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் மெனேஜர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். மூன்று இடத்துக்கும் மூன்று செட் வாங்க நம்மிடம் காசில்லை.

சின்ன செட் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. ஒரு ஆளே உட்கார்ந்து பேஸ் ட்ரம்மையும் ஸ்நெயரையும் சேர்த்து வாசிக்கலாம் என்ற நிலையைப் பரவலாக்கியதே 1909இல் வில்லியம் லட்விக் கொண்டுவந்த கால் பெடல்தான். பிறகு ஜாஸ் காலத்தில் எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் போன்றவர்கள் 18 அங்குல பேஸ் ட்ரம்மை வைத்தே உலகத்தை ஆட்டினார்கள். நியூயோர்க் டாக்ஸியில் ஏறக்கூடிய அளவு என்பதும் அந்தச் சின்ன ட்ரம்களுக்கு ஒரு மவுசைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர்களுக்கு டாக்ஸி, நமக்கு ஆட்டோ.

இப்போது இந்த வகையில் அதிகம் பேசப்படுவது லட்விக் ப்ரேக்பீட்ஸ். த ரூட்ஸ் குழுவின் ட்ரம்மர் குவெஸ்ட்லவ் சேர்ந்து வடிவமைத்தது. பேஸ் ட்ரம் 16 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். டொம் 10 அங்குலம், ஃப்ளோர் டொம் 13, ஸ்நெயர் வழக்கமான 14. கண்டியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி மண்டபத்திலும் வெளியிலும் வாசித்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது பேஸ் ட்ரம்மின் அடியில் மாட்டும் இரும்புத் தூக்கி. அது சும்மா வைத்த சாமான் இல்லை. 22 அங்குல ட்ரம்மின் நடுப்புள்ளி தரையிலிருந்து 11 அங்குலத்தில் இருக்கும். பெடல்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த உயரத்துக்கே செய்யப்படுகின்றன. 16 அங்குல ட்ரம்மின் நடுப்புள்ளியோ 8 அங்குலத்தில். அப்படியே தரையில் வைத்தால் பீட்டர் நடுவை விட்டு மேல் விளிம்புப் பக்கம் போய் அடிக்கும்; ‘டும்’ வராது, ‘டக்’ என்றுதான் வரும். தூக்கியை மாட்டினால் ட்ரம் உயர்ந்து நடுப்புள்ளி பீட்டருக்கு நேரே வந்துவிடும். வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கும் 16 அங்குலச் செட் எதைப் பார்க்கப் போனாலும் இந்தத் தூக்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மண்டபத்தில் ப்ரேக்பீட்ஸ் அருமை. ஸ்நெயர் முழு அளவு என்பதால் கைக்குப் பழகிய மாதிரியே இருக்கிறது. டொம் இரண்டும் சுருக்கென்று பேசி அடங்குகின்றன. எதிரொலி நிறைந்த அறையில் அதுதான் வேண்டும். ட்ரம்களுக்கு மேல் போடும் உறைகளையே மியூட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். லயத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சாயந்தரம் பிரக்டிஸ் பண்ணினால் அடுத்த நாள் காலையில் முகம் கொடுத்துப் பேச முடியாது.

வெளியில் கதை வேறு. தார்ப்பாய்க்குக் கீழே, சுவர் ஒன்றும் இல்லாத இடத்தில், 16 அங்குல பேஸ் ட்ரம்மின் அடிச்சத்தம் முன்வரிசையைத் தாண்டும்போதே மெலிந்துவிடுகிறது. இதில் கம்பனியின் குறை என்று ஒன்றுமில்லை, கணக்கே அப்படித்தான். 16 அங்குலத் தோலின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர அங்குலம். 18 அங்குலத்துக்கு 254. விட்டத்தில் இரண்டே அங்குலம் கூடினாலும் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதற்கேற்ப நகரும் காற்றும் கூடும். ஹோட்டல் வேலையும் வீட்டு விசேஷமும் மட்டும் போதும் என்கிறவருக்கு 16 போதும். தோட்டத்துத் திருவிழாவும் உண்டு என்றால் நான் 18 அங்குலத்தைத்தான் சொல்வேன்.

அந்த அளவில் நான் வைத்திருப்பது டாமா கிளப்-ஜேம். பேஸ் ட்ரம் 18 அங்குலம். ஆனால் ஆழம் 12 அங்குலம்தான். சென்டிமீட்டரில் சொன்னால் 46க்கு 30. பையில் போட்டு ஒரு கையால் தூக்கலாம். டொம் 10க்கு 7, ஃப்ளோர் டொம் 14க்கு 7, ஸ்நெயர் 13க்கு 5. ஃப்ளோர் டொம் ஏழே அங்குல ஆழம் என்று கேட்டதும் பல ட்ரம்மர்கள் முகம் சுளிப்பார்கள். உண்மைதான், ஆழமான டொம் மாதிரி நீண்டு உருளும் நாதம் இதில் வராது. அடித்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடும். சினிமாப் பாட்டு இடையிசையில் டொம்மில் ஓர் உருட்டு உருட்டிவிட்டுப் பல்லவிக்குள் நுழைகிறபோது அந்தக் குறை தெரியும். பைலாவில் தெரியாது.

பைலாவைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். மாத்தளையில் தமிழ்க் கல்யாணமானாலும் சிங்களக் கல்யாணமானாலும் கடைசி ஒரு மணித்தியாலம் பைலாதான். போர்த்துக்கீசர் காலத்து வேரிலிருந்து வந்த இந்த இசையை, பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன்ஸ் 1940களில் எல்லோரும் பாடும் பாட்டாக்கினார். அதன் ஓட்டத்திலிருந்து தமிழ்ப் பொப்பும் கிளம்பியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும், ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் இன்னும் கேட்கப்படாத மேடை இல்லை. தாளம் ஆறு-எட்டு. ஓட்டம் வேகம், காலுக்கு ஓய்வு கிடையாது, ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே பீட்டர் திரும்பி வர நேரமும் குறைவு. பெரிய பேஸ் ட்ரம்மைத் தளர்த்தி ட்யூன் பண்ணினால் முதல் அடி அடங்குவதற்குள் இரண்டாவது அடி வந்து எல்லாம் கொழகொழவென்று கலந்துவிடும். ஆழம் குறைந்த 18 அங்குலம் இங்கே ஜெயிக்கிறது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும், ஆடுகிறவர்களின் காலும் தடுமாறாது.

ட்யூன் பண்ணுகிற விதத்திலும் பாதி விஷயம் இருக்கிறது. பேஸ் ட்ரம்மின் பெடல் பக்கத்துத் தோலாக, ஓரத்தில் அடக்கு வளையம் வைத்துச் செய்தது ஒன்றைப் போடுங்கள். ரெமோ பவர்ஸ்ட்ரோக் 3, எவன்ஸ் ஈமேட் இரண்டுமே இந்த வகை, இரண்டுமே சின்ன அளவிலும் கிடைக்கின்றன. லக் எல்லாவற்றையும் விரலால் முடிந்த மட்டும் முறுக்கி, பிறகு சாவியால் எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தோலில் சுருக்கம் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் அது பேஸ் ட்ரம் இல்லை, இன்னொரு டொம். முன்பக்கத் தோலில் ஓட்டை போடாதீர்கள். பெரிய ட்ரம்மில் ஓட்டை போடுவது மைக் வைக்க வசதி. சின்னதில் இருக்கிற கொஞ்ச நாதமும் அதன் வழியே ஓடிவிடும். தரையில் போட நல்ல கார்ப்பட் துண்டு இல்லையென்றால் சணல் சாக்கு போதும். பாய் மட்டும் வேண்டாம். டைல்ஸ் மேல் பாய் வழுக்கும், ரெண்டாவது பாட்டிலேயே பேஸ் ட்ரம் பாடகர் காலடிக்கு நகர்ந்து போயிருக்கும்.

மைக்கும் ஒன்று போதும். பேஸ் ட்ரம்மின் மேல் விளிம்புக்கும் ஸ்நெயருக்கும் நடுவில், வலது முழங்காலுக்குச் சற்று மேலே, ட்ரம்மைப் பார்க்கத் திருப்பி வைத்தால் கிக்கும் ஸ்நெயரும் சேர்ந்தே வந்துவிடும். சின்ன மிக்ஸரில் ட்ரம்முக்கு நாலு சேனல் கேட்டால் சவுண்ட்காரர் சிரிப்பார்.

யமஹா ஸ்டேஜ் கஸ்டம் பொப் செட்டும் 18 அங்குலம்தான், ஆனால் ஆழம் 15. டொம் 12, ஃப்ளோர் டொம் 14க்கு 13, முழுக்கப் பேர்ச் மரம். இந்த வரிசையில் சத்தத்துக்கு அதுதான் ராஜா. காசும் இடமும் இருக்கிறவர்கள் அதையே வாங்கலாம். ஆட்டோவுக்கு அது கொஞ்சம் திமிறும். பேர்ல் மிட்டவுன் 16 அங்குலம். ப்ரேக்பீட்ஸுக்குச் சொன்னதெல்லாம் ஏறத்தாழ அதற்கும் பொருந்தும்.

பேஸ் ட்ரம்மின் முன் தோலைக் கழற்றி ஸ்நெயரை உள்ளே வைத்துக் கட்டி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. இடம் மிச்சம்தான். ஆனால் போன இடத்தில், பூசை முடிந்து எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, டோர்ச் வெளிச்சத்தில் தோலை மாட்டி மறுபடி ட்யூன் பண்ண வேண்டும். எனக்கு அது ஒத்துவராது.

ட்ரம் சின்னதானால் பாரம் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் ஸ்டாண்டுகளைத் தூக்கிப் பார்த்ததில்லை. முதுகை ஒடிப்பது மரம் இல்லை, இரும்பு. இரட்டைப் பட்டைக் கால் போட்ட கனமான சிம்பல் ஸ்டாண்டுகள் இரண்டு, ஹை-ஹெட் ஸ்டாண்ட், ஸ்நெயர் ஸ்டாண்ட், பெடல், ஸ்டூல் எல்லாம் ஒரே பையில் சேர்ந்தால் லயத்துப் படியில் ரெண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். இந்த வகைச் செட்டுகளின் பெட்டியில் ஸ்டாண்டும் சிம்பலும் பெரும்பாலும் வராது என்பதையும் பலர் பணம் கட்டிய பிறகுதான் கவனிக்கிறார்கள். அதனால் செட்டுக்கு ஒதுக்கிய காசில் ஒரு நல்ல பங்கை இலேசான ஸ்டாண்டுகளுக்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள். யமஹாவின் க்ரொஸ்டவுன் அலுமினியத் தொகுதியில் சிம்பல் ஸ்டாண்ட் இரண்டு, ஹை-ஹெட் ஒன்று, ஸ்நெயர் ஒன்று. நாலும் சேர்ந்து ஏறத்தாழ 8 கிலோதான். விலை கூடத்தான், ஆனால் வாசிக்கிற காலம் முழுக்க முதுகு நன்றி சொல்லும். அது முடியாதென்றால் ஒற்றைப் பட்டைக் கால் போட்ட பழைய மாதிரி ஸ்டாண்டுகளைத் தேடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இலேசான ஸ்டாண்ட் ரிவர்ஸ்டன் பக்கத்துக் காற்றில் சாயும். சின்னச் சாக்குப் பையில் மணல் போட்டுக் காலில் கட்டிவிட்டால் நிற்கும்.

சிம்பலில் மலிவைப் பார்க்காதீர்கள். கோயில் மணிக்கு ஏன் வெண்கலம் வார்க்கிறார்கள், ஏன் பித்தளை வார்ப்பதில்லை? நல்ல சிம்பலுக்கும் அதே காரணம்தான். நூற்றுக்கு 80 செம்பு, 20 வெள்ளீயம் கலந்த பி20 வெண்கலம் மேல்தட்டு. 92க்கு 8 கலந்த பி8 நடுத்தட்டு. ஆரம்பப் பொதிகளில் வருவது பெரும்பாலும் பித்தளை. மெய்ன்ல் எச்.சி.எஸ்., சேபியன் எஸ்.பி.ஆர். இரண்டும் பித்தளை வகைதான். படிக்கிற பிள்ளைக்கு அவை சரி. தகரக் கூரை மண்டபத்தில் பித்தளை க்ரேஷை ஓங்கி அடித்தால் அடுக்களையில் பானை மூடி விழுந்த சத்தம்தான். நாலு உருப்படிப் பித்தளைப் பொதியை வாங்குகிற காசை வைத்து, பழையதாக இருந்தாலும் பி8இல் 14 அங்குல ஹை-ஹெட் ஒரு சோடியும் 18 அங்குல க்ரேஷ்-ரைட் ஒன்றும் வாங்குங்கள். மூன்று தகடு. அதை வைத்தே ஒரு ராத்திரி முழுக்க ஓட்டலாம், சிம்பல் ஸ்டாண்டும் ஒன்று குறையும். ஹோட்டலுக்குப் போகும்போது குச்சியை வீட்டில் வைத்துவிட்டு ப்ரொ-மார்க் ஹொட் ரொட்ஸ் எடுத்துப் போங்கள். மெல்லிய பேர்ச் ஈர்க்குகள் 19ஐக் கட்டிச் செய்தது. கை அதே வேகத்தில் ஓடும், சத்தம் மட்டும் இறங்கும். மெனேஜர் வரமாட்டார்.

எலக்ட்ரோனிக் வாங்கினால் இந்தச் சுமை எதுவும் இல்லையே என்று கேட்பவர்களுக்கு: பாதி சரி. ரோலண்ட் ஒக்டபேட் இல்லாமல் இங்கே தமிழ் இசைக்கோஷ்டியே இல்லை. எஸ்பிடி-30 எட்டுப் பட்டைகளோடு முதுகுப் பைக்குள் அடங்கும். வெளியிலிருந்து கிக் பெடலையும் ஹை-ஹெட் பெடலையும் அதில் இணைக்கலாம். தபேலா, டோலக், தவில் என்று ஒரே பாட்டில் மாறி மாறி வேண்டிய சினிமாப் பாட்டுக்கு எந்த ட்ரம் செட்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. முழுக்கச் சினிமாப் பாட்டு வாசிக்கிறவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதை வாங்கப் போகலாம். அலெசிஸ் நைட்ரோ மெஷ் போன்ற முழு எலக்ட்ரோனிக் செட்டுகள் வீட்டுப் பிரக்டிஸுக்குப் பொன். மேடைக்கு வந்தால் சிக்கல் தொடங்கும். அந்தச் சத்தம் வெளியே வர ஒரு கனமான ஸ்பீக்கர் வேண்டும். பாடகருக்கென்று வந்த இரண்டு பெட்டியிலேயே கிக்கையும் தள்ளினால் பாட்டு அமுங்கிப்போகும். வயர்களைப் பிரித்து மாட்டுகிற நேரத்தில் சாதாச் செட்டை நிறுத்தி ஒரு பாட்டே வாசித்துவிடலாம்.

அதோடு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலம் போய்விட்டது, சரி. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு குதித்ததால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாட்டில்தான் இன்னும் இருக்கிறோம். தோட்டத்துப் பந்தலில் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் கீபோர்ட், கிட்டார், ஒக்டபேட் எல்லாம் ஊமை. அந்தப் பத்து நிமிஷம் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைக்க மரமும் தோலும் மட்டும்தான் உதவும்.

கஹோன் என்ற பெட்டியும் இப்போது பரவுகிறது. பெருவின் கறுப்பின மக்கள் உண்டாக்கியது. 1970களின் கடைசியில் பாகோ டி லூசியா அதை ஸ்பெய்னின் ஃப்ளமெங்கோவுக்குக் கொண்டுபோன பிறகு உலகம் சுற்றியது. ஹோட்டல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு கிட்டாரும் கஹோனும் தாராளம். கல்யாணத்துப் பைலாவுக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

மலையகத்தில் உண்மையாகவே கையடக்கமான தாள வாத்தியம் எதுவென்றால் தப்புதான். விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக் களத்துக்கு எழுப்பியதும் அது. காமன் கூத்துக்கு ஆட வைப்பதும் அது. தோளில் மாட்டிக்கொண்டு எந்தப் படியும் ஏறலாம். பனி இறங்கியதும் தோல் தளர்ந்து குரல் மங்கும். காய்ந்த சருகையும் கடதாசியையும் கொளுத்தி, அந்தத் தீயில் தப்பைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, ‘கணீர்’ என்று வந்ததும்தான் அடிப்பார்கள். 1957 வாக்கில் எவன்ஸும் ரெமோவும் ப்ளாஸ்டிக் தோலைக் கடைக்குக் கொண்டுவரும் வரை மேல்நாட்டு ட்ரம்மர்களுக்கும் ஈரத்தோடு இதே சண்டை இருந்தது. அந்த மாற்றத்தால் நமக்குப் பனியில் ட்யூன் இறங்கும் தொல்லை இல்லை. ஆனால் ஈரம் வேறு வழியில் உள்ளே வரும்: ஆணியில் துரு ஏறும், ஒட்டுப்பலகை விளிம்பில் பிளக்கும். நிகழ்ச்சி முடிந்து வந்ததும் ஈரப் பையோடு மூலையில் போட்டுவிடாமல் திறந்து காய வையுங்கள். லக் ஆணிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த வகைச் செட்டுகள் 500 டொலர் சுற்றில் விற்கின்றன. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் அதுவே 150,000. அதற்கு மேல் கப்பல் கூலி, இறக்குமதித் தீர்வை, 2024இலிருந்து 18 வீதமான வற். பிறகு ஸ்டாண்ட், சிம்பல், பெடல், பைகள். புதிதாக எல்லாம் வாங்கினால் சின்ன நிகழ்ச்சிகளில் அந்தக் காசை எடுக்க வருஷங்கள் போகும். என் யோசனை: பெடலையும் தோலையும் மட்டும் புதிதாக வாங்குங்கள், மற்றதெல்லாம் பழையதில் தேடுங்கள். பெயர் தெரியாத கம்பனியின் 18 அங்குல பேஸ் ட்ரம்கூட நல்ல தோல் போட்டால் பேசும். கெட்ட பெடலை எந்தத் தோலும் காப்பாற்றாது.

பழையது பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். டொம்மின் தோலைக் கழற்றச் சொல்லி, மரத்தின் விளிம்பைத் தட்டையான மேசை மேல் கவிழ்த்து வைத்து, உள்ளே டோர்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த விளிம்பு கோணல், எவ்வளவு முறுக்கினாலும் ட்யூன் நிற்காது. பேஸ் ட்ரம் வளையத்தில் பெடல் கடித்த இடம் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஸ்நெயரின் கம்பியை விடுவிக்கும் பிடி வழுக்குகிறதா, லக் ஒவ்வொன்றும் சாவிக்குச் சுற்றுகிறதா என்று பாருங்கள். விற்கிறவர் ட்ரம் சாவியைத் தேடி வீட்டுக்குள் போய் நெடுநேரம் திரும்பவில்லையென்றால், அந்தச் செட் வருஷக்கணக்காக ட்யூன் பண்ணப்படவில்லை. புதுத் தோல்களின் விலையைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.